எட்டு மணி மாத்திரையும் ஒரு டம்ளர் சாறும்

…நீயே சொல்லும்மா, கேன்சருக்கு மாத்திரைன்னா யாராச்சும் நம்புவாங்களா? ட்ரிப்ஸ் ஏத்தணும், நாலு பேரு ஹார்லிக்ஸ் பாட்டிலோட பாக்க வரணும். எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னியில கேன்சர், தெனம் காலையில எட்டு மணிக்கு வீட்டுலயே ஒரு மாத்திரை. அவ்வளவுதான். சொந்தக்காரங்க எங்களைச் சந்தேகமாப் பாக்குறாங்க.

பஸ்ஸு சன்னலைச் சாத்தும்மா, குளிருது.

ஆனா அந்த மாத்திரை சும்மா கெடக்கா? பாதமெல்லாம் தோலு உரியுது, ஓயாத வாந்தி. அட்டுவம்பட்டி வீட்டுல வாசல் கேட்டு வரைக்கும் நடக்க முடியல மனுசனால. இன்னிக்கி ரத்த ரிப்போர்ட்டும் மோசமா இருந்தா மாத்திரையவே நிறுத்திருவேங்கிறாரு டாக்டரு. கட்டி சுருங்குறதே இதுலதான்… இதையும் நிறுத்திட்டா? அதான் வெள்ளனே பஸ் ஏறிட்டேன், மதுரை ஆஸ்பத்திரிக்குச் சண்டை போட. மருந்துல கலப்படம், வேறென்ன?

அங்க மருந்து குடுக்குற பொண்ணு, தமிழ்மதி, மொத நாளே ஏதோ சொல்ல வந்துச்சு. 'கான்வென்ட்ல படிச்சவ நான், உள்ள பேப்பர் இருக்குல்ல, பாத்துக்கிறேன்'னு வாயை அடைச்சிட்டேன். பாத்தேனா? எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். யாருக்கு அந்தச் சோலி.

நான் எதுல கொறை வச்சேன்? வாய் கசக்குதுன்னாரு. ஆடலூர்ல என் தம்பி ராஜமுருகன் தோட்டத்துப் பம்பளிமாஸ்… தெனம் ஒரு பெரிய டம்ளர் சாறு புழிஞ்சு, மாத்திரையோட குடுக்குறேன். 'வேற என்ன சாப்பிடுறாரு'ன்னு டாக்டர் கேட்டாரு. இட்லி, கஞ்சின்னேன். பழத்தைப் போயி யாரு சொல்லுவா?

இந்தா, வழிக்குன்னு உரிச்சு வச்சேன், ரெண்டு சுளை எடுத்துக்க. பேப்பரோட பிடி, கை பிசுபிசுங்கும். சுத்தமான பேப்பர்தான், மாத்திரை டப்பாவுல வந்தது.

தின்னச் சொன்னா படிக்கிற. என்ன, எந்த வரி? விரலை எடு… என் கண்ணாடி… 'பொமலோ'… நம்ம பம்பளிமாஸு. மருந்தோட சேத்தா… ரத்தத்துல மருந்தோட அளவு ஏறிப்போயி…

மூணு மாசமா, தாயி. மூணு மாசமா என் கையால.

மணி என்ன? ஏழு அம்பதா? சாறைப் புழிஞ்சு மூடி வச்சிட்டு வந்திருக்கேனே. உன் போனை வெரசாக் குடு, என்னதுல டவர் இல்ல.

நான்தாங்க. சாறு குடிச்சிட்டீங்களா? …இல்லையா, அப்பாடா. அதைக் கொண்டுபோயி ரோஜாத் தொட்டியில ஊத்துங்க. மாத்திரைக்குத் தண்ணி போதும். …கலப்படம் மருந்துல இல்லைங்க. நான்தான். ஆமா, என் தப்புதான். …மறுபடியும் சொல்லணுமா? கேட்டுச்சுல்ல உங்களுக்கு. பஸ்ல ஆளுங்க இருக்காங்க, சத்தமால்லாம் சொல்ல மாட்டேன்.