என்னை ‘டா’ போட ஒருவர் இருந்தார்

போதும், நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம்.

அவைக்குத் தலைமை ஏற்கவிருக்கும் பெரியவரே, மேடையை அணிசெய்யவிருக்கும் இயக்குநர் பெருமக்களே, முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு முன்வரிசையில் அமரவிருக்கும் மூத்த ஊழியர்களே, மடியில் தூங்கும் பிள்ளையையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கவிருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் நின்று, ‘இந்தாளு எப்பப்பா முடிப்பாரு?’ என்று முணுமுணுக்கவிருக்கும் லிப்ட் மெக்கானிக் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நாளை மாலை நம் மேலாளருக்கு வழியனுப்பு விழா. அவர் தலைமை அலுவலகத்துக்குப் போகிறார். அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். ஆனால் பேசப்போகிறவர்களில் நான் இல்லை. “நீங்க முன்வரிசையில வந்து உக்காந்தா போதும் சார்” என்று அவருடைய உதவியாளர் சொல்லிவிட்டுப் போனார். போகட்டும். என் சாப்பாட்டு மேசையே எனக்கு மேடை. உங்களையெல்லாம் இந்த அறையில் இருத்திக்கொண்டு இங்கிருந்தே பேசுகிறேன். மைக் வேண்டாம். அடுத்த வீட்டுக்காரர் இப்போதே சுவரைத் தட்டத் தொடங்கிவிட்டார்.

நம் மேலாளர் ஒரு சுற்றறிக்கை விட்டாரே, நினைவிருக்கிறதா? “டா, மச்சி, மாப்ளே முதலிய கொச்சைச் சொற்களையும், பொருளற்ற கூச்சல்களையும் பணியிடத்தில் தவிர்க்க வேண்டும். மீறினால் அபராதம்.” பொருளற்ற கூச்சல்களாம்!

நான் கேட்கிறேன். கதவிடுக்கில் விரல் நசுங்கினால், “அந்தோ, வலிக்கின்றது” என்றா சொல்கிறோம்? “ஸ்ஸ்ஸ்… ஆ!” என்கிறோம். அதற்கு எந்த உரையாசிரியர் பொழிப்புரை எழுத வேண்டும்? தாய்மார்களே, பெற்றெடுத்த பிள்ளையோடு நீங்கள் முதன்முதலாகப் பேசியது இலக்கணமா? “ஊங்… ஜுஜ்ஜு… புர்ர்ர்” என்றுதானே பேசினீர்கள்? அந்த உளறலை நம்பித்தானே அது உங்களைப் பார்த்துச் சிரித்தது? பாரத்தை இறக்கி வைத்ததும் ‘அப்பாடா’ என்கிறோமே, அந்த அப்பாடாவிலும் ஒரு ‘டா’ இருக்கிறதே, அதற்கும் அபராதம் உண்டா? பின்வரிசையில் யாரோ சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், தம்பிகளே. அபராதம் என் கணக்கில் போகட்டும்.

நாங்கள் இருவரும் லிப்ட் மெக்கானிக்குகளாக இருந்த அந்நாளில் உங்கள் மேலாளர் வெறும் ‘கொக்கு’. கழுத்து நீளம். நான் ‘குண்டான்’. காரணம் கேட்காதீர்கள், கண்ணுக்கே தெரியும். லிப்ட் பெட்டியின் தலைமேல் ஒருவர் நின்று வடங்களைச் சோதிப்போம். அடிக்குழியில் ஒருவர் குனிந்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்போம். நடுவில் நெட்டுக்குத்தாய் ஓர் இருட்டுக் கிணறு. அதற்குள் ஒரு வாக்கியம் விழுந்தால் எதிரொலி அதைக் கூறுபோட்டுவிடும். ஆகவே வாக்கியங்களை விட்டுவிட்டு ஓசைகளை வைத்துக்கொண்டோம். “ஹேஏஏ” என்றால் ஏற்று. “டுர்ர்ர்” என்றால் இறக்கு. “ஹுப்!” என்றால் உயிர் போகிற காரியம், உடனே படு.

ஒருநாள் நான் மேலே, அவர் கீழே. பிரேக் பிடி விட்டது. பெட்டி என்னையும் சுமந்துகொண்டு நழுவியது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. “மதிப்பிற்குரிய நண்பரே, தாங்கள் தரையோடு தரையாகப் படுத்தருள வேண்டும்” என்று விண்ணப்பம் போட நேரமிருந்ததா? நேரமிருந்ததா, பெரியோர்களே? “ஹுப்!” என்று அலறினேன். பெட்டி குழியின் ஸ்பிரிங்குகள் மேல் போய் உட்கார்ந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பெட்டியின் விளிம்பில் குப்புறப் படுத்துக் காதைக் கீழே கொடுத்தேன்.

அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “டேய்…”

“இருக்கியாடா?”

“இருக்கேன்டா குண்டா. நீ ஏறி நின்ன கனத்துலதான்டா பிரேக்கே பிச்சுக்கிச்சு! மொதல்ல எறங்கித் தொலைடா!”

அந்த ஒற்றை ‘டேய்’க்கு ஈடாக ஒரு சொல்லைத் தமிழ்ப் பேரகராதிகள் அத்தனையிலும் தேடிக் கொண்டுவாருங்கள். நான் தலைவணங்குகிறேன்.

அதே மனிதர் மேலாளரானார். அன்று அவர் அறைக்குள் நுழைந்து, “என்னடா கொக்கு, புது நாற்காலி நல்லா சுத்துதா?” என்றேன். எதிரே வெளியாட்கள் சிலர் அமர்ந்திருந்தார்கள். அவர் எழுந்து நின்றார். “வாங்க சார். உக்காருங்க சார்.” காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருப்பேன். ‘சார்’ என்று சொல்லிவிட்டால் அதை எந்தத் துணியால் துடைப்பது? அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. இன்று குழிக்குள் வாக்கிடாக்கி இருக்கிறது. நல்லது, அதில் எனக்குக் குறை இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

மருந்துக்கடையில் எனக்குப் பெயர் சார். வங்கியில் சார். நம் அலுவலக நடையில் நான் வந்தால் தம்பிகளின் அரட்டை அறுந்து, “குட்மார்னிங் சார்” ஆகிவிடுகிறது. மகள் போனில், “சாப்பிட்டீங்களாப்பா?” என்கிறாள். பொன்னான பிள்ளை. ‘ஏங்க’ என்று கூப்பிட்டவள் போய்விட்டாள். அம்மா, அப்பா, அண்ணன் என்று என்னை ‘டா’ போட உரிமையுள்ளவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். “இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்” என்று நானே சொல்லிக்கொள்கிறேன். குளிர்ப்பெட்டிதான் ‘ம்ம்ம்’ கொட்டுகிறது. உயிரோடிருப்பவர்களில் அந்த உரிமை மிச்சமிருப்பது ஒரே ஒருவருக்கு. அவரும் நாளை ஊரைவிட்டுப் போகிறார்.

மரியாதை வேண்டாம் என்றா சொல்கிறேன்? வேண்டும். மரியாதை வாசலில் கிடக்கும் மிதியடி. ஆனால் ஒரு மனிதன் எத்தனை காலம் மிதியடி மேலேயே நிற்பான்? உள்ளே வாடா என்று ஒரு குரல் வேண்டாமா? உதவாக்கரையே என்று ஓர் உரிமை வேண்டாமா? அட போடா என்று ஓர் அணைப்பு வேண்டாமா? ஐயா, சான்றோர் சபையில் எனக்குச் சரியாசனம் வேண்டாம். சண்டைபோட ஒரு சகமனிதன் வேண்டும்!

மேலாளர் அவர்களே, உங்கள்மேல் எனக்குள்ள வருத்தம் தீரவில்லை. வாழ்த்துரை வழங்க நாளைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், நான் வழங்கமாட்டேன். கொட்டாவியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் பொறுத்த அவைக்கு மட்டும் என் நன்றியும் வணக்கமும் உரியன.

பேசப் பேசத் தாளில் எழுதிக்கொண்டே வந்த இதைக் காலையில் நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறேன். கையெழுத்துப் போட்டால், ‘அன்புடையீர்’ என்று தொடங்கி ஒரு பதில் என் மேசைக்கு வந்துவிடும். மொட்டைக் கடிதத்துக்கு யாரும் எழுத்தில் பதில் போட முடியாது. எழுதியவன் யாரென்று அவருக்குத் தெரியும். கோபம் வந்தால் படியிறங்கி என் அறைக்கு வந்து, நேருக்கு நேர் நின்று திட்டித்தான் ஆகவேண்டும். திட்டுகிறபோது எவனும் ‘சார்’ போடுவதில்லை.

ஆகவே, பெயர் போடாமலே ஒட்டுகிறேன்.