காலில் விழ விடாத மோகனராஜ்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் அக்குறணை ஹாஷிம் ஹாஜியார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கோயில் தர்மகர்த்தா அவர்களே, குண்டசாலை ஓட்டோச் சாரதிகள் சங்கத்துச் சகோதரர்களே, மலைக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி வந்திருக்கும் எங்கள் தோட்டத்துச் சனங்களே, கணவர் மோகனராஜைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும், எனக்குக் கூடப்பிறக்காத தங்கச்சியான நிஷாந்தி, அவள் பக்கத்தில் நிமிர்ந்து பார்க்காமல் இருக்கும் மகன் யுகேஷ், உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். அமரர் மோகனராஜ் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்று ஒருவர் சொன்னார். பிறவியிலேயே சாந்த சொரூபி என்று இன்னொருவர் சொன்னார். ஐயா, மைக்கைக் கையில் கொடுத்தால் இப்படியா அளப்பது? ஈ எறும்பா? அவர் என் தம்பியை வெட்டிக் கொன்றவர்!

ஏன் திடுக்கிடுகிறீர்கள்? இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம்தானே இது? தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் சீதா. கண்டி மாநகரசபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். நானும் மோகனராஜும் இருபது வருசமாக ஒரே சங்கத்தில் ஒன்றாக வேலை செய்தோம். அடிதடி, வெட்டுக்குத்து என்று போனவர்களையும், அவர்களால் அடிபட்டவர்களையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைக்கிற வேலை. என் வாய் கொஞ்சம் நீளம். அது மோகனராஜுக்கும் தெரியும். என் பேச்சை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்தான்.

முப்பது வருசத்துக்கு முன் எங்கள் தோட்டத்தில் தேர்த் திருவிழா. சாமி முதலில் மேல் டிவிசனுக்குப் போவதா, கீழ் டிவிசனுக்குப் போவதா என்று சண்டை. இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். வருசம் முழுக்க மலை ஏறி இறங்குகிற சனத்துக்கு, சாமி முதலில் தன் லயத்து வீட்டு வாசலில் நிற்பது சின்ன விஷயமில்லை. என் தம்பி சுரேஸ் தேர்வடத்தைப் பிடித்து எங்கள் மேல் டிவிசன் பக்கம் இழுத்தான். கீழ் டிவிசனிலிருந்து மோகனராஜ் கவ்வாத்துக் கத்தியோடு வந்தார். தேயிலைச் செடியின் கட்டைக் கொம்பை ஒரே வீச்சில் சீவுகிற கத்தி அது. முதல் வெட்டு தோளில். இரண்டாவது கழுத்தில். தம்பி விழுந்த பிறகும் ஒரு வெட்டு. சாமிக்குச் சாத்தியிருந்த மாலையெல்லாம் இரத்தம். வடம் பிடித்த கைகளெல்லாம் வடத்தைப் போட்டுவிட்டு ஓடின. நடு ரோட்டில் தேர் நின்றது, அதன் சக்கரத்தடியில் என் தம்பி கிடந்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயசு.

அதற்குப் பிறகு நம்மூர்ப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? தோட்டத்துத் தலைவர்மார் எல்லாரும் கூடினார்கள். கொன்றவனோ மறியலில், சிறைக்குள். அவனுடைய அப்பாவைக் கூட்டிவந்து என் அம்மாவின் காலில் விழ வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். எல்லாம் முடிந்தது, இனி யாரும் இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். முடிந்ததா? அடுத்த திருவிழாவில் கீழ் டிவிசன் பையன்கள் என் சித்தப்பாவின் கையை மணிக்கட்டோடு வெட்டினார்கள். எங்கள் பையன்கள் அவர்கள் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். உள்ளே படுத்திருந்த ஒரு கிழவர் வெந்து போனார். மறுபடியும் ஒரு கூட்டம், மறுபடியும் ஒருவர் காலில் ஒருவர். காலில் விழ வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோமே, அந்த நினைப்பு எத்தனை பேரைச் சாகடித்திருக்கிறது!

எட்டு வருசம் கழித்து மோகனராஜ் வெளியே வந்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீட்டு வாசலில் நின்றார். நான் விளக்குமாற்றைத் தூக்கினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அதை அன்றைக்கு அடித்து முறித்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது. அம்மாதான் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனாள். அவர் நெடுஞ்சாண்கிடையாக அம்மாவின் காலில் விழுந்தார்.

அம்மா சொன்னாள்: "எந்திரி. என் காலைப் பார்க்கவா வந்த? மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு, என் புள்ளையை என்ன செஞ்ச?"

அவர் எழுந்தார். சொல்ல ஆரம்பித்தார். பாதியில் மன்னித்துவிடுங்கள் என்றார். அதை நான் கேட்கவில்லை, மிச்சத்தைச் சொல் என்றாள் அம்மா. எல்லாரும் ஓடிய பிறகு தேரடியில் நின்றவர் அவர் ஒருவர்தான். தம்பி கடைசியில் என்ன பேசினான் என்று அம்மா கேட்டாள். மறுபடி கேட்டாள்.

"தண்ணி கேட்டான், அம்மா. நான் குடுக்கல."

அம்மா அவர் கன்னத்தில் அறைந்தாள். பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து இதையே சொல்ல வேண்டும் என்றாள். அவர் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மழைக்காலம் முழுக்க வந்து, முதல் வெட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னார். நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். எட்டு வருசமாக என் தம்பி எப்படிச் செத்தானோ என்று நானாகவே நினைத்து நினைத்துக் கண்டதெல்லாம் அதைவிடப் பயங்கரம். உண்மை தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அம்மா சாகும்வரை மன்னித்தேன் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் அவளைத் தூக்கிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தது மோகனராஜ். அவள் தடுக்கவில்லை.

அன்பான சபையோரே, எங்கள் சங்கம் பிறந்த கதை இதுதான். ஹாஜியார் தன் கடைக்குப் பின்னாலிருந்த அறையைத் தந்தார். இரண்டு கதிரை, நடுவில் மேசை கிடையாது. மோகனராஜ் வைத்த சட்டமும் ஒன்றுதான்: காலில் விழக் கூடாது. விழுந்தவனுக்கு முகத்தை மறைக்க வசதியாகப் போய்விடும், யார் காலில் விழுந்தானோ அவருக்கோ பதில் சொல்லியே ஆகவேண்டிய நெருக்கடி வந்துவிடும் என்பார். என்ன செய்தாய் என்று முழுசாகச் சொல், அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல், அதற்குப் பிறகு அவர்கள் விருப்பம்.

கலகெதரவில் டிலானி என்ற பிள்ளை. கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருத்தன் பிளேடால் அவள் முகத்தைக் காதிலிருந்து வாய்வரை கிழித்தான். பையன் வீட்டார் தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும் பட்டுச் சேலையும் வைத்துக்கொண்டு வந்தார்கள், சமாதானம் பேச. மோகனராஜ் அந்தத் தாம்பாளத்தை எட்டி உதைத்தார். நான் என் கண்ணால் பார்த்தேன், வாழைப்பழம் ரோடு வரைக்கும் உருண்டது. சாந்த சொரூபியாம்! அந்தப் பையன் கதிரையில் உட்கார்ந்து, பிளேடை எங்கே வாங்கினான் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். டிலானி தையல் போட்ட வாயோடு கேட்டாள். கேட்டுவிட்டு, நான் மன்னிக்கவே மாட்டேன் என்றாள். பையனின் தாய் அழுது ஆர்ப்பாட்டம் செய்தார். மோகனராஜ் என்ன சொன்னார் தெரியுமா? அவள் மன்னிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, அதையும் சுமந்துகொண்டு நடக்கப் பழகு என்று அந்தப் பையனை அனுப்பி வைத்தார். அவன் தண்டனையை அனுபவித்துவிட்டு வந்து இப்போது ஒழுங்காக வேலை செய்கிறான். டிலானி எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறான். டிலானி அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள்.

எல்லாரும் திருந்தினார்களா என்று கேட்பீர்கள். இல்லை. நதா திருந்தவில்லை.

இந்தப் பெயரைச் சொன்னதும் பின்னால் சலசலப்பு. சலசலக்கட்டும். நதா ஒருத்தனின் முதுகைப் போத்தலால் கிழித்துவிட்டு எங்களிடம் வந்தவன். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து போனான். மிச்சத்தையும் சொல்ல வா என்று கூப்பிடத்தான் மோகனராஜ் போன வாரம் ஒரு பின்னேரம் குண்டசாலை ஓட்டோத் தரிப்பிடத்துக்குப் போனார். அங்கே நதா இன்னொருத்தனோடு கத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றான். இவர் நடுவில் போனார். நிஷாந்தி எதையும் மறைக்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள், அதனால் சொல்கிறேன். வயிற்றில் ஒன்று. விலாவில் ஒன்று. திரும்பி விழும்போது முதுகில் ஒன்று. முதல் குத்து கை தவறி விழுந்தது என்று சொல்லலாம். மற்ற இரண்டும்? அவன் கொல்லத்தான் குத்தினான். நான் யாருக்கும் வெள்ளையடிக்க இங்கே வரவில்லை.

சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒருத்தரும் கிட்டே போகவில்லை. அந்தப் படத்தை நான் பார்த்தேன். நதா ஓடவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, பொலிஸ் வரும்வரை இரத்தத்தில் குந்திக்கொண்டு அவர் பக்கத்திலேயே இருந்தான். மோகனராஜின் வாய் அசைகிறது. நதா காதைக் கொண்டுபோய்க் கேட்கிறான். ரோட்டுச் சத்தத்தில் நமக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதை இந்த மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சுடலையில் அப்பாவின் சிதைக்கு முன்னால் யுகேஷ் சூடம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நதாவைக் கொல்வேன் என்று சத்தியம் செய்தான். நாளை மறுநாள் திங்கட்கிழமை நதாவை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இவன் வாங்கிய கத்தி அப்பாவுடைய ஓட்டோவின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இங்கே இருக்கிற இளவட்டங்களுக்குத் தெரியும். பெரியவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் மாலையைப் போட்டுவிட்டு, ஈ எறும்பு என்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே, நியாயமா? அந்தக் கத்தியை நான் எடுக்கவில்லை. எடுத்தால் இன்னொன்று வாங்குவான், கத்திக்கா கண்டியில் பஞ்சம்?

வாசலில் என்ன சத்தம்? யார் அது? தம்பிமாரே, வழியை விடுங்கள். அது நதாவின் தாய் மூக்காயி அக்கா. நான்தான் வரச் சொன்னேன். கையை எடு தம்பி, அந்தம்மாவின் மேல் கை வைக்காதே! இவர் யாரையும் குத்தவில்லை. வாங்க அக்கா. நேரே முன்னால வாங்க.

வேண்டாம் அக்கா, விழாதீங்க. நிஷாந்தியின் காலை விடுங்க. எந்திரிச்சு அவ முகத்தைப் பாருங்க. ஒண்ணும் சொல்ல வரலைன்னா பரவாயில்ல, பாருங்க. நிஷாந்தி, உனக்கு விருப்பமில்லை என்றால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள், உன்னை யாரும் குறை சொல்ல முடியாது.

யாராவது அவருக்கு ஒரு கதிரை போடுங்கள்.

பெரியோர்களே, மோகனராஜின் வழி அவரையே கொன்றுவிட்டதே, இனியும் என்ன கதிரையும் பேச்சும் என்று ஒரு வாரமாக என்னிடம் கேட்கிறீர்கள். நானும் அழுதேன், ஆத்திரப்பட்டேன், நதாவின் குரல்வளையைக் கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த அறையைப் பூட்ட மாட்டேன். மோகனராஜ் உட்கார்ந்த இடத்தில் இனி நான் உட்காருவேன். எனக்கு அவருடைய பொறுமை கிடையாது, கத்துவேன், திட்டுவேன். ஆனாலும் வருகிறவனைக் காலில் விழ விட மாட்டேன், பாதியில் எழுந்து போகவும் விட மாட்டேன். என் தம்பியின் இரத்தத்தைக் கையில் வைத்திருந்த மனிதரோடு நான் இருபது வருசம் வேலை செய்தேன். இந்த வேலை நடக்கும் என்று உங்கள் முன்னால் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் யார்?

யுகேஷ், இப்ப உன்கிட்ட பேசுறேன். தலையைத் தூக்கு. அவனை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கல. எங்கம்மாவே சொல்லாத வார்த்தையை உன்னைச் சொல்லச் சொல்ல எனக்கு வாய் வராது. நேத்து மறியலுக்குப் போய் நதாவைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னான். உங்கப்பா கடைசியில என்ன சொன்னாருன்னு கேட்டேன். கெஞ்சினேன். மிரட்டினேன். தலையை ஆட்டிட்டே நின்னான்.

பிறகு சொன்னான்: "உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது யுகேஷுக்குச் சொல்லச் சொன்னது."

அவன் பொய் சொல்றானோ, எனக்குத் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் உனக்குத் தெரியும். அதிகாரிகளிடம் பேசி நாளைக்குக் காலையில் நீ அவனைப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன். உன் அப்பா உனக்கென்று விட்டுப்போனது இப்ப ஒருத்தன் வாயிலதான் இருக்கு. திங்கட்கிழமை அந்த வாயை நீ மூடிட்டா, அப்புறம் உனக்கு வயசாகிச் சாகும்வரைக்கும் அதை நீயா நினைச்சு நினைச்சுப் பார்க்கணும்.

நாளைக்குக் காலையில் உன் வீட்டு வாசலுக்கு வருவேன். நீ புறப்படலைன்னாலும் அங்கேயே நிற்பேன், தம்பி. வா, போய்க் கேட்போம்.