எங்கள் பெஞ்சுக்கு வந்த வக்கீல்

கொரட்டூர் ஸ்டேஷனில் காலை வண்டிக்காக என் பக்கத்தில் காத்திருந்தவர்கள் இருவர்: கூத்துப் பாடகர் ஏழுமலை, அவருடைய மச்சான் முனுசாமி. அவர்கள் பேச்சில் அடிபட்ட வக்கீல் அங்கே இல்லை.

"அவரையே நம்ம வக்கீலா வச்சு, அவரையே தோக்கடிச்சேன் மாமே" என்றார் ஏழுமலை. நான் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

"இன்னா சொல்ற?"

"நம்ம நெலத்துக் கேசு ஜெயிச்சுக் குடுத்தாரே, அவரு கோர்ட்டை வுட்டுட்டு இப்போ ரிகார்டு கம்பெனி மானேஜரு. என் பாட்டை ரிகார்டு போடணும்னு பத்திரத்தோட மண்ணூர்பேட்டை டீக்கடைக்கே வந்துட்டாரு."

"கையெழுத்து வச்சிட்டியா?"

"வக்கீலைக் கேக்காம வைக்காதேன்னு சொல்லிக் குடுத்ததே அவருதான்! வேற யாரைக் கேப்பேன்? 'சார், கம்பெனியைக் கொஞ்சம் மறந்துட்டு, இந்தாண்ட பெஞ்சுக்கு வந்து எங்க வக்கீலா சொல்லு'ன்னேன்."

"வந்தாரா?"

"சிரிச்சுகினே வந்து குந்தினாரு. தான் எழுதின பத்திரத்தையே மொதல்லேருந்து படிச்சாரு. சிரிப்பு போயிடுச்சு. 'இதுல கையெழுத்து வச்சா பாட்டு கம்பெனிக்குச் சொந்தம். உங்க கோயில் திருவிழாவுலகூட நீ பாட முடியாது. வைக்காதே ஏழுமலை'ன்னாரு."

"அய்யோ, அவரு வேலை?"

"மனுசன் எழுந்து மறுபடி மானேஜரா அந்தாண்ட பெஞ்சுக்குத் திரும்பிப் போனாரு. அந்த வரியை அடிச்சுட்டுப் பத்திரத்தை நீட்டினாரு. அப்பறந்தான் வச்சேன்."

வண்டி வந்து நின்றது. ஏறிக்கொண்டே முனுசாமி சொன்னார்: "நல்ல மனுசன்பா. சும்மாவே சொல்லிட்டாரே!"

"சும்மாவா? அந்தாண்ட போறதுக்கு முன்னாடியே வக்கீல் ஃபீஸு அஞ்சு ரூபா வாங்கிக்கினாரு."