செர்ரா என்ன ஆக்கள்?

நோர்வேயின் ரொம்மன் நிலையத்தில் சுரங்க ரயில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

"மகள் கட்டப்போற போர்த்துக்கல் பெடியன்ரை குடும்பப் பேர் செர்ரா. என்ன ஆக்களெண்டு நெட்டிலை தேடினனான்," என்றார் கழுத்தில் சிலுவை போட்டிருந்தவர்.

"வெள்ளைக்காரனிலையும் சாதியையோடி தேடுறாய்?" என்றார் தோழி.

"கேளன். போர்த்துக்கல்லிலை செர்ரா எண்டால் மலைத்தொடர். ஸ்பெயின்காரர் சியெர்ரா எண்டுவினம்."

"மலையெண்டால் நல்லதுதானே."

"மலையோடை நிப்பாட்டியிருக்கலாம். லத்தீன் வரைக்கும் போயிட்டன். அங்கை அது மரம் அரியிற வாள். மலை பல்லுப் பல்லாத் தெரியிறதாலை வாளின்ரை பேரை மலைக்கு வைச்சிட்டாங்கள்."

"அதுக்கென்ன?"

"வாளெண்டால் தச்சரெல்லோ!"

எதிரே இருந்த நோர்வேக்காரர் கைபேசியிலிருந்து தலை நிமிரும் அளவுக்குத் தோழி சிரித்தார்.

"ஞாயிறு பூசையிலை முழங்காலிலை நிண்டு ஆரையடி கும்பிடுறாய்? அவரும் தச்சன்ரை பிள்ளைதானே?"

சிலுவைக்கார அம்மா சிலுவையைச் சட்டைக்குள் தள்ளினார்.

"ஓம். ஆனால் அவர் என்ரை வீட்டை பொம்பிளை கேட்டு வரேல்லையே."