ஒரே வண்டியில் வந்த மூவர்

இந்த அவையின் தலைமை நாற்காலியில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைக் கண்டிப்போடு பார்த்துக்கொண்டிருக்கும் பேராசிரியர் வைத்திலிங்கம் ஐயா அவர்களே! மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை என்று நான்கு வாசல் வழியாக வந்து ஒரே கூடத்தில் கூடியிருக்கும் ஆசிரியப் பெருமக்களே! பணியிலிருந்து ஓய்வு பெற்றும் எங்களைத் திருத்துவதிலிருந்து ஓய்வு பெறாத மூத்தோர்களே! எல்லாருக்கும் மேலாக, நெல்லிக்குப்பத்துப் பக்கமிருந்து, ஒருநாள் கரும்பு வெட்டை விட்டுவிட்டு இந்தச் சிதம்பரம் வரைக்கும் வேனில் வந்திருக்கும் என் தாய்மார்களே! செவிலியர் கல்லூரி ஆசிரியை ஜோதிலட்சுமி உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஆசிரியர்களுக்கான ஆறு மாதக் குழு ஆய்வுப் பயிற்சியை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். என் வாயில் வாழ்த்து வரவில்லை, வாக்குமூலம்தான் வருகிறது. வாழ்த்த வந்தவள் வருந்தி நிற்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கல்லூரி வண்டி ஒன்று இதே சிதம்பரத்திலிருந்து புறப்பட்டது. புதுச்சத்திரம் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, கடலூர் தாண்டி, நெல்லிக்குப்பத்துக்கு அருகே கரும்பு விளையும் ஊர் ஒன்றுக்குப் போனது. ஒன்றரை மணி நேரப் பயணம். முன் இருக்கையில் இயன்முறை ஆசிரியர் இளவரசு. நடு இருக்கையில் மருந்தியல் ஆசிரியர் கண்ணாயிரம். கடைசி இருக்கையில் நான். மூவர் மடியிலும் மூன்று கேள்வித்தாள் கட்டு. என் கட்டுக்கு நான் செய்தித்தாளில் உறை போட்டிருந்தேன். ஏன் தெரியுமா? என் தலைப்பை யாராவது சுட்டுவிடுவார்களோ என்ற பயம்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இளவரசு தன் கட்டைப் பைக்குள்ளே வைத்து ஜிப்பையே போட்டிருந்தார். மூன்று மாதம், வாரத்துக்கு ஒரு நாள் அந்த வண்டியில் போனோம். வெயிலைப் பற்றிப் பேசினோம், டிரைவரைப் பற்றிப் பேசினோம், ஆய்வைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டி நிற்கும் இடத்தில் முதல் வீடு சின்னம்மாளுடையது. கரும்பு வெட்டும் பெண். மூவருமே, வேறு வேறு வாரத்தில், அந்த வீட்டுக்குப் போனோம். மூன்று முறையும் அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்று முறையும் மோர் கொடுத்தார். மூன்று முறையும் மூச்சுவிடாமல் பதில் சொன்னார்.

அவருடைய பெயரை இந்த மேடையில் சொல்லலாமா என்று, இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய தங்கை மங்கம்மாவிடம் கேட்டேன். "சொல்லுங்கம்மா. எங்க அக்காவ நம்பரு போட்டுக் கூப்புட்டது போதும்" என்றார். ஆம், அவையோரே, நாங்கள் அவருக்கு எண் போட்டோம். ஒன்றல்ல, மூன்று எண்.

இளவரசின் ஆய்வில் அவர் பத்தொன்பது. இடுப்பு வலி, கடுமை. கண்ணாயிரத்தின் ஆய்வில் நூற்றுப் பன்னிரண்டு. கடையில் வாங்கும் வலி மாத்திரை, நாளைக்கு மூன்று, நான்கு வருடமாக. என் ஆய்வில் நாற்பத்தேழு. வெட்டுக்குப் போனால் பொழுது சாயும்வரை ஒரு சொம்புத் தண்ணீர். அதற்கு மேல் குடிப்பதில்லை.

என்னம்மா, பின்னாலிருந்து என்ன சொல்கிறீர்கள்? "குடிச்சா எங்க போய் ஒதுங்கறது?" என்கிறாரே அந்த அக்கா, அதையேதான் சின்னம்மாளும் சொன்னார். நான் அதை அழகான எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

வலிக்கிற இடுப்பு ஒரு தாளில்! விழுங்கிய மாத்திரை ஒரு தாளில்! குடிக்காத தண்ணீர் ஒரு தாளில்! மூன்று தாளும் ஒரே மேசையில் இருந்திருந்தால், முதலாம் ஆண்டு மாணவி பதறியிருப்பாளே, "மேடம், இந்த அம்மாவின் சிறுநீரகம் என்ன ஆகும்?" என்று! அன்றே ரத்தம் எடுக்க அனுப்பியிருப்பாளே! நாங்கள் என்ன செய்தோம்? மூன்று பத்திரிகைகளில் மூன்று கட்டுரை போட்டோம். எனக்குக் கேடயம் கூடக் கொடுத்தார்கள். இப்போது அது என் வீட்டு அலமாரியில், சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

கைதட்டாதீர்கள். வேண்டாம்.

சென்ற ஆண்டு மாணவிகளை அழைத்துக்கொண்டு கடலூரில் ஒரு டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். மூன்றாவது கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். முகம் ஊதிப் போயிருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. "ஏம்மா, நீங்கதானே தண்ணியப் பத்திக் கேட்டீங்க? மாத்திரய ஒருத்தர் கேட்டாரு, இடுப்ப ஒருத்தர் கேட்டாரு. அவுங்கள்லாம் நல்லா இருக்காங்களா?" என்றார். தலையாட்டினேன். பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவராக ஒன்று கேட்டார்.

"மூணு பேரும் ஒரே வண்டியிலதானே வந்தீங்க? வர்ற வழியில பேசிக்கவே மாட்டீங்களா?"

இருபது ஆண்டுகளாக ஆயிரம் கேள்விகளுக்கு விடை சொன்னவள் நான். அந்தக் கேள்வியைக் கேட்டதும், மாணவிகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். சென்ற ஆடி மாதம் சின்னம்மாள் இறந்துபோனார்.

அங்கே ஓர் ஆசிரியர் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் ஐயா. "கூட்டாக எழுதினால், பதவி உயர்வுக்குக் கட்டுரையின் முதல் பெயருக்குத்தானே மதிப்பெண்?" நியாயமான கேள்வி. அந்த விதியை மாற்றச் சொல்லித் தலைவர் ஐயாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாறும் என்ற நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் ஐயா, முதல் பெயருக்கு முண்டியடித்தோமே, அந்த மூன்று கட்டுரைகளிலும் முதலில் இருந்திருக்க வேண்டிய பெயர் எது? அது எங்கேயுமே இல்லையே!

இந்தப் பயிற்சியில் புள்ளிவிவரம் கற்றுத் தருவார்கள், கற்றுக்கொள்ளுங்கள். கேள்வித்தாள் தயாரிக்கக் கற்றுத் தருவார்கள், அதையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உறையைப் பிரித்துப் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டுவதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. கண்டறிந்ததை, பதில் கொடுத்தவரிடமே கொண்டுபோய்ச் சொல்வதற்கும் கிடையாது. எனக்கு அவை இரண்டும் தெரிந்திருக்கவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்ற மாதம் நாங்கள் மூவரும் மறுபடி அந்த ஊருக்குப் போனோம். ஒரே கேள்வித்தாள். கூடவே ஒரு மருத்துவர். சின்னம்மாள் வீட்டுக்கு அடுத்த வீடு மங்கம்மாவுடையது. அவரும் கரும்புதான் வெட்டுகிறார். அதே வலி, அதே மாத்திரை, அதே ஒரு சொம்பு. என் பழைய ஆய்வில் அவர் நாற்பத்தெட்டு. அன்றே ரத்தம் எடுத்தோம். முடிவு வந்த மறுநாளே நேரில் போய்ச் சொன்னோம். சிறுநீரகம் கெடத் தொடங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார் மருத்துவர். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் எங்களுக்கும் வரவில்லை.

மங்கம்மாவின் தெருவில் இன்னும் அறுபது வீடு இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு அதே வண்டி கிளம்புகிறது. இங்கே இருக்கிற ஆசிரியர்கள் ஏறுங்கள். ஏறியதும் பக்கத்தில் இருப்பவரிடம், "நீங்கள் என்ன தேடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். வெட்கமாக இருந்தாலும் கேளுங்கள். கடலூர் வருவதற்குள் கேட்டுவிடுங்கள். சின்னம்மாளின் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. அதே கேள்வியை மங்கம்மாவும் ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்கக் கூடாது.

பொறுமையாகக் கேட்ட அவைக்கும், வேலையை விட்டு வந்த தாய்மார்களுக்கும், தன் அக்காவின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி தந்த மங்கம்மாவுக்கும் தலைவணங்கி நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.