குவைத்தா, பஹ்ரைனா?

இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு இருந்த நாட்களில், மாத்தளையில் பாண் ரொட்டி வாங்க வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் வீடு கட்டும் மேசன் ஒருவரும் அவருடைய மச்சானும் நின்றார்கள். மேசன் கையில் குவைத்திலிருந்தும் பஹ்ரைனிலிருந்தும் வேலைக்கு அழைத்து வந்த இரண்டு கடிதங்கள்.

“மச்சான், குவைத் பணக்கார நாடா, பஹ்ரைனா?”

“குவைத்துதான். அங்க எண்ணெய் கூட. பஹ்ரைன்ல கொறஞ்சிக்கிட்டு வருதாம்.”

“அப்ப குவைத்துக்கே எழுதிடவா?”

“பொறுங்க. எண்ணெய் முடியிறதுக்கு முந்தி பேங்க், கப்பல் பழுதுபாக்கிற எடமுன்னு பஹ்ரைன்காரன் கட்டிக்கிட்டே இருக்கானாம். பேப்பர்ல பார்த்தேன்.”

“கட்டுறவன்கிட்டதானே மேசனுக்கு வேலை!”

பஹ்ரைன் கடிதத்தை அவர் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வரிசை கொஞ்சம் நகர்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

“ஏன் மச்சான், நம்ம நாட்டுல எண்ணெயே இல்லியே. நம்ம ஏன் ஒண்ணும் கட்டல்ல?”

மச்சான் பாண் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.