பேயா, கொரில்லாவா?

நோரீன்: சார்... சார், அந்தப் பென்சிலைக் கொஞ்சம் தர்றீங்களா? என்னோடது முனை உடைஞ்சு போச்சு.

வெர்ன்: படமே இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள எதை எழுதி முனையை உடைச்சீங்க?

நோரீன்: இந்தக் கார்டைத்தான். வாசல்ல குடுத்தாங்களே, எந்தப் பாத்திரம் ரொம்பப் பிடிச்சதுன்னு...

வெர்ன்: பார்க்காமலே பிடிச்சிடுச்சா?

நோரீன்: எனக்கு எல்லாம் சீக்கிரம் பிடிச்சிடும்.

வெர்ன்: ஆளுக்கு ஒரு கார்டுதானே? உங்க மடியில ஒரு கட்டே இருக்கு!

நோரீன்: ஐயோ, மெதுவா! வாசல்ல கோட்டு போட்டுக்கிட்டு ரெண்டு பேர் நிக்கிறாங்களே, அவங்க ஸ்டூடியோ ஆளுங்க.

வெர்ன்: நான் கௌபாய் படம் பார்க்க வந்தவன்மா. அது முடிஞ்சதும் எழுந்திருக்கப் போனேன். உக்காருங்க, இன்னொரு படம் சும்மா காட்டறோம்னாங்க.

நோரீன்: சும்மாவா? இன்னும் வெளிவராத படம் சார்! உங்க ரிவர்சைடு ஊர் ஜனம் இந்தக் கார்டுல என்ன எழுதுதோ அதை வெச்சுத்தான் எதை வெட்டறது, எதை விடறதுன்னு முடிவு பண்ணுவாங்க.

வெர்ன்: உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?

நோரீன்: என் சித்தி பொண்ணு ஃபிலிம் வெட்டற ரூம்ல வேலை பார்க்கிறா. நான் பல் டாக்டர்கிட்ட வேலை. போன் எடுக்கிறது, பேர் எழுதறது.

வெர்ன்: நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். ஆமா, இருட்டுல எதுக்கு கறுப்புக் கண்ணாடி?

நோரீன்: கண் வலி.

வெர்ன்: தலையில இந்த ஸ்கார்ஃப்?

நோரீன்: காது வலி.

வெர்ன்: பல்லு மட்டும்தான் நல்லா இருக்கு போல. சரி, எதை வெட்டப் போறாங்களாம்?

நோரீன்: அதைத்தான் சொல்ல வர்றேன். படம் பத்து நிமிஷம் அதிகமா நீண்டுடுச்சாம். ஒண்ணு பேயை மொத்தமா எடுக்கணும், இல்ல கொரில்லாவை மொத்தமா எடுக்கணும்.

வெர்ன்: கொரில்லாவையா!

பின்வரிசை அம்மா: ஷ்ஷ்ஷ்!

வெர்ன்: மன்னிச்சுக்கோங்கம்மா... கொரில்லாவையா? எதுக்கு? அது என்ன பாவம் பண்ணுச்சு?

நோரீன்: உங்களுக்கு ஏன் சார் வேர்க்குது? இதோ போட்டுட்டான்! பேரைப் பாருங்க, "எலும்புக்கூட்டுக்கு நீச்சல் தெரியும்"!

வெர்ன்: அடடே, கலர்!

நோரீன்: வந்துட்டாங்க, வந்துட்டாங்க! பஸ் மேல அலைச்சறுக்குப் பலகை எத்தனை கட்டியிருக்காங்க பாருங்க. இருபது பேரும் பங்களாவுக்குள்ள வர்றப்பவே இடுப்பை ஆட்டிக்கிட்டு வர்றாங்க. செத்துப்போன மாமா உயில் படிக்க வந்தவங்க மாதிரியா இருக்கு!

வெர்ன்: எவன் வீட்டுச் சாவுக்கு கிட்டாரோட போவான்?

நோரீன்: ஐயோ, எலும்புக்கூடு! நீச்சல் குளத்து டைவிங் போர்டுல ஏறுது! குதிச்சிடுச்சு!

வெர்ன்: கம்பி தெரியுது.

நோரீன்: தெரியட்டுமே! ஜனம் எப்படிச் சிரிக்குது பாருங்க! இப்ப கவனிங்க, அந்த மெழுகுவத்தி அணையும். அணைச்சது யாருன்னு தெரியுதா?

வெர்ன்: இது... இது யாரு? இவ அங்க இல்லையே!

நோரீன்: எங்க இல்ல?

வெர்ன்: இல்ல... பங்களாவுல இவ்வளவு நேரம் காணோமேன்னேன்.

நோரீன்: அதுதான் சார் பேய்! மாமாவோட காதலி. செத்து முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் நீச்சலுடையைக் கழட்டல. எப்படி மினுக்கு மினுக்குன்னு இருக்கா! அழகா இருக்காளா?

வெர்ன்: உடம்பு வழியா பின்னாடி இருக்கிற ஜன்னல் தெரியுது.

நோரீன்: பேய்ன்னா அப்படித்தான் தெரியும்! படத்தை முழுசா எடுத்து முடிச்சிட்டு, ஏதோ குறையுதேன்னு முதலாளி சொன்னாராம். அதுக்கப்புறம் அவளைத் தனியாக் கூப்பிட்டு, கறுப்புத் துணிக்கு முன்னாடி நிக்க வெச்சு எடுத்து, இதுமேல ஒட்டியிருக்காங்க. மத்த நடிகருங்க ஒருத்தரையும் அவ கண்ணால பார்த்ததில்ல. பாவம்... அந்தக் குளிர்ல, எதிர்ல ஃபேன் வேற, பல்லு கிடுகிடுன்னு...

வெர்ன்: சித்தி பொண்ணு ரொம்ப விவரமா சொல்லியிருக்கா.

நோரீன்: அவ வாய் ஓயாது.

வெர்ன்: ஆக, எட்டு மாசம் முன்னாடி உழைச்சு எடுத்த காட்சி மேல, இன்னிக்கு வந்தவ ஏறி மிதந்துக்கிட்டு இருக்கா. இவளுக்காக கொரில்லா வெளியே போகணும். நல்ல நியாயம்!

நோரீன்: கொரில்லா எல்லாப் படத்துலயும்தான் வருது. யாருக்கு சார் வேணும்?

வெர்ன்: எனக்கு வேணும். அந்தக் கார்டுக் கட்டுல பாதி குடுங்க.

நோரீன்: என்ன விளையாடறீங்களா? நாலு தடவை வரிசையில நின்னு, அவங்களுக்குத் தெரியாம கொத்துக் கொத்தா எடுத்தது!

வெர்ன்: குடுக்கலைன்னா கோட்டுக்காரங்களைக் கூப்பிடுவேன்.

நோரீன்: அடப்பாவி... இந்தாங்க. பன்னெண்டு. பென்சில் என்கிட்டதான் இருக்கும்.

வெர்ன்: என்கிட்ட இன்னொண்ணு இருக்கு.

பின்வரிசை அம்மா: ரெண்டு பேரும் பரீட்சை எழுத வந்தீங்களா, படம் பார்க்க வந்தீங்களா?

நோரீன்: படம்தாம்மா, படம்தான்... ஐயோ, மோட்டார் சைக்கிள் கூட்டம்! வீட்டுக்குள்ளயே ஓட்டறானுங்க!

வெர்ன்: இப்ப பாருங்க... ரெண்டு, மூணு... வந்துச்சு! கொரில்லா! அப்படிப் போடு! சோபாவைத் தாண்டிச்சு பார்த்தீங்களா? ஒரே தாவு! இடையில வெட்டே கிடையாது!

நோரீன்: முதுகுல ஜிப் தெரியுது.

வெர்ன்: ஜிப் இல்ல, கொக்கி. பதினேழு கொக்கி.

நோரீன்: எண்ணிட்டீங்களா?

வெர்ன்: ரிப்பேர்காரன் கண்ணு.

நோரீன்: கழுத்தை ஏன் சொறியறீங்க? அதுவும் சொறியுது, நீங்களும் சொறியறீங்க.

வெர்ன்: பார்க்கப் பார்க்க அரிக்குதுமா. அந்த உடுப்பு அம்பது பவுண்டு இருக்கும். உள்ள வேர்வை பூட்ஸ் வரைக்கும் ஓடும்... ஓடுமாம். என் மச்சான் அந்த மாதிரி ஆளுங்களுக்கு ஐஸ் கொண்டுபோய்க் குடுக்கிற வேலை. அந்தக் கொரில்லா ஆள் பதினோரு வருஷமா இந்தத் தோலுக்குள்ள இருக்கான். ஒன்பது படம். ஒண்ணுலகூட பேர் போடல. இதுலதான் முதல் தடவையா போடறோம்னு சொல்லியிருக்காங்க. கொரில்லா போச்சுன்னா பேரும் போச்சு.

நோரீன்: அப்படியா... எனக்குத் தெரியாது.

வெர்ன்: யாருக்குத் தெரியும்? முகம் தெரிஞ்சாத்தானே!

நோரீன்: அந்தப் பேய்ப் பொண்ணுக்கும் இதான் சார் முதல் படம். பேக்கர்ஸ்ஃபீல்டுல அவங்க அப்பாவுக்கு டயர் கடை. ரெண்டு வருஷத்துல ஒரு படத்துலயாவது தலை காட்டலைன்னா திரும்பி வந்து கடையில உக்காருன்னு சொல்லித்தான் அனுப்பினார். ரெண்டு வருஷம் அடுத்த மாசத்தோட முடியுது.

வெர்ன்: இதையும் சித்தி பொண்ணு சொன்னாளா?

நோரீன்: ம்.

வெர்ன்: பின்ன அந்தப் பொண்ணே இங்க வந்து நாலு பேரைக் கேட்டுக்கலாமே?

நோரீன்: படத்துல இருக்கறவங்க யாரும் இதுக்கு வரக்கூடாது. கோட்டுக்காரங்க கண்ணுல பட்டா, காட்சியும் போச்சு, அடுத்த வேலையும் போச்சு.

வெர்ன்: ஆமா... ஆமாமா. வந்தா முட்டாள்தனம்.

நோரீன்: சுத்த முட்டாள்தனம். எத்தனை எழுதிட்டீங்க?

வெர்ன்: ஏழு. எல்லாம் கொரில்லா. கையெழுத்தை மாத்தி மாத்தி எழுதறேன். நீங்க?

நோரீன்: ஒன்பது. எல்லாம் பேய். ரெண்டு இடது கையால.

வெர்ன்: பாப்கார்ன் வேணுமா? கை நிறைய எடுத்துக்கோங்க. கை எண்ணெயானா எழுத முடியாது.

நோரீன்: நல்ல ஆளு சார் நீங்க! சட்டைப் பையில என்ன, வாழைப்பழமா? தியேட்டருக்கு வாழைப்பழம் கொண்டுவர்ற மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன்.

வெர்ன்: பழக்கம்... சும்மா இருங்க, படிக்கட்டு வந்துடுச்சு.

நோரீன்: உங்களுக்கு எப்படித்...

வெர்ன்: ஷ்ஷ்! எல்லாரும் பயந்து ஓடிட்டாங்க. கொரில்லா மட்டும் தனியாப் படியில உக்காருது. ஒருத்தரும் அதுகிட்ட வரல. பழத்தை ரெண்டாப் பிச்சுது. பாதியை யாருமில்லாத பக்கம் நீட்டுது... இது டைரக்டர் சொன்னதில்லையாம். அந்த ஆளுக்காத் தோணிப் பண்ணினது. அங்க யாரும் இருக்க மாட்டாங்க, கடைசியில தானே தின்னுடும்... ஏய்! இவ எங்க வந்தா?

நோரீன்: பாருங்க, பாருங்க.

வெர்ன்: பக்கத்துல உக்காந்துட்டா! இவ்வளவு நாளா காலியா இருந்த இடத்துல...

நோரீன்: தலையைத் தடவறா. "உன்னைப் பார்த்து நான் பயப்படல. எனக்கு என்னைப் பார்த்தாத்தான் பயம்."

வெர்ன்: அவ சொல்றதுக்கு முன்னாடியே நீங்க சொல்லிட்டீங்க.

நோரீன்: யூகிச்சேன். அந்தக் கை லேசா நடுங்குது தெரியுதா, பழத்தை நீட்டறப்ப? ஒரு குட்டித் திரையில இதைப் போட்டுப் போட்டுக் காட்டினாங்க... அவளுக்குக் காட்டினாங்களாம். முப்பது தடவை. அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தலையைத் தடவணும்னே தோணுச்சாம். அதுவும் யாரும் சொல்லிக் குடுத்ததில்ல.

வெர்ன்: பழத்தை வேண்டாம்னு தலையாட்டறா. நீயே சாப்பிடுன்னு சொல்றா... அதுவும் சாப்பிடுது. அம்மாடி! அன்னிக்கு அது வேற மாதிரி இருந்துச்சு... இப்ப சந்தோஷமா சாப்பிடற மாதிரி இருக்கு!

நோரீன்: சத்தமே இல்ல தியேட்டர்ல. கேட்டீங்களா?

வெர்ன்: ஒரு பாப்கார்ன் கடிக்கிற சத்தம்கூட இல்ல.

நோரீன்: இப்ப பாருங்க... கை தட்டறாங்க! சார், விசில் அடிக்கிறாங்க!

வெர்ன்: பின்னாடி அம்மா அழறாங்க.

பின்வரிசை அம்மா: நான் ஒண்ணும் அழல. திரும்பி உக்காரு.

நோரீன்: அம்மா, உங்க கார்டுல என்ன எழுதுவீங்க? பேயா, கொரில்லாவா?

பின்வரிசை அம்மா: ரெண்டு பேருக்கும் கிறுக்கா? பேய் இல்லாம அந்தக் குரங்கு சும்மா ஒரு குரங்கு. குரங்கு இல்லாட்டி அவ ஒரு கண்ணாடிச் சீசா. நான் "படிக்கட்டு"ன்னு எழுதியாச்சு. இந்த வரிசை முழுக்க என் தங்கச்சிங்கதான். ஏழு பேரும் அதையேதான் எழுதறாளுங்க.

வெர்ன்: படிக்கட்டு...

நோரீன்: படிக்கட்டை வெச்சுக்கிட்டா ரெண்டுல எதையும் எடுக்க முடியாது!

வெர்ன்: பத்து நிமிஷத்துக்கு அந்த உயில் படிக்கிற வக்கீலை வெட்டட்டுமே!

நோரீன்: ஆமா! அந்த ஆள் இருமிக்கிட்டே இருக்கான்! சார், உங்க பென்சில் பின்னாடி ரப்பர் இருக்கா?

வெர்ன்: இருக்கு. பன்னெண்டையும் அழிக்கவா?

நோரீன்: வேண்டாம். நேர்மையா ஆளுக்கு ஒண்ணு. மத்ததையெல்லாம் பாப்கார்ன் பையில போட்டுடலாம்.

வெர்ன்: என்னோடது... ஒண்ணு, ரெண்டு... பதினொண்ணு. போட்டாச்சு.

நோரீன்: போட்டுட்டேன். எழுதுங்க, ப-டி-க்-க-ட்-டு. லைட்டு வரப்போகுது, வாங்க போயிடலாம்.

வெர்ன்: இருங்க! பேரெல்லாம் ஓடட்டும்.

நோரீன்: அதை யார் சார் படிப்பா? எல்லாரும் எழுந்துட்டாங்க.

வெர்ன்: ஏங்க, முன்னாடி! தொப்பியைக் கழட்டுங்க! தொப்பி, தொப்பி! தள்ளுங்க சார்... வந்துச்சு! பார்த்தீங்களா?

நோரீன்: "கொரில்லா, வெர்ன் ஹாலக்." பார்த்தேன்.

வெர்ன்: எழுத்து பெரிசாத்தான் இருந்துச்சுல்ல?

நோரீன்: நல்லாப் பெரிசு. ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க?

வெர்ன்: பாப்கார்ன் உப்பு. பேய்க்குப் பேரே போடலையே!

நோரீன்: கடைசியா ஒட்டினதால இன்னும் எழுதலையாம். காட்சி நின்னாத்தான் பேரு.

பின்வரிசை அம்மா: நிக்கும் நிக்கும். உங்க ரெண்டு கார்டையும் குடுங்க, நானே போட்டுடறேன். வழியை விடு கண்ணு. வாசல்ல அந்தக் கோட்டுக்காரன் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கார்டா சத்தமாப் படிக்கிறான் பாரு. "படிக்கட்டு, படிக்கட்டு, எலும்புக்கூடு, படிக்கட்டு"ன்னு.

நோரீன்: கேட்டுச்சா? சார், கேட்டுச்சா!

வெர்ன்: கேட்டுச்சு! கத்தாதீங்க, அவன் திரும்பறான். ஸ்கார்ஃபை இழுத்து விட்டுக்கோங்க, இந்தப் பக்கக் கதவு வழியா வாங்க... அப்பாடி, என்ன வெயில்!

நோரீன்: இப்பத்தான் உங்க முகத்தையே பார்க்கிறேன்.

வெர்ன்: யாருக்கும் தெரியாத முகம். எங்கயும் தைரியமா வரலாம். கண் வலி போச்சா? கண்ணாடியைக் கழட்டிட்டீங்க.

நோரீன்: போச்சு. ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு சொன்னீங்களே... உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நான் அன்னிக்குத் தலையைத் தடவினேனே, அது தலை இல்ல. தரை துடைக்கிற துடைப்பத்தைக் கவுத்து வெச்சிருந்தாங்க.

வெர்ன்: நான் பழத்தை நீட்டினது ஒரு மணல் வாளிக்கு. இந்தாங்க, பாதி... இந்தத் தடவை வேண்டாம்னு தலையாட்டக் கூடாது.